வாடைக்காலத்துக் கடல், ஓட்டம், பாரம்: கொழும்பில் ஒரு கிழமையை அடுக்குவது எப்படி

இணையத்தில் கிடைக்கும் பயிற்சித் திட்டங்கள் பெரும்பாலும் பனி விழும் ஊர்களில் இருப்பவர்கள் எழுதியவை. நவம்பர் வந்ததும் கடலை விட்டுத் தடாகத்துக்குள் போ, ஓட்டத்தைக் குறை, ஜிம்மில் உடம்பைக் கட்டு, மார்ச்சில் வெளியே வா என்று சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. கொழும்பில் இருந்துகொண்டு அதை அப்படியே பின்பற்றினால், வருஷத்திலேயே கடல் அடங்கிக் கிடக்கிற, விடியற்காலை ஓரளவு குளிர்ந்திருக்கிற மாதங்களைக் கூரைக்குக் கீழே கழித்துவிட்டு, சோளகம் கிளம்பும் மே மாதத்தில் கடலில் இறங்கப் போவோம்.

நம்முடைய பக்கத்தில் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வாடை. காற்று தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசுவதால் மேற்குக் கரையில் அலை பெரிதாக எழும்பாது. மார்ச், ஏப்ரலிலும் கடல் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும், ஆனால் வெயில் கேட்காது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் வெள்ளவத்தைக் கரையில் நின்று பார்த்தாலே இறங்குகிற எண்ணம் போய்விடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அயன்மேன் 70.3 போட்டியைக் கொழும்பில் முதன்முதலாக 2018 பெப்ரவரியில் வைத்தார்கள். 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்று வரும் ஒரு போட்டிக்கு இந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

ஆகவே நம்முடைய கணக்கு தலைகீழ். ஜிம்மில் தூக்கும் பாரத்தை ஏற்றிக்கொண்டே போகும் வேலை மே முதல் செப்டெம்பர் வரை, கடல் மூடியிருக்கும்போது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடலும் ஓட்டமும் முன்னுக்கு வரும். பாரம் பின்னால் நின்று, சேர்த்த பலத்தைக் கையிலிருந்து நழுவவிடாமல் பார்த்துக்கொள்ளும். சிக்கல் எல்லாம் இந்த மாதங்களில்தான். மூன்றையும் ஒரே கிழமைக்குள் அடுக்கும்போது ஒன்று மற்றதன் காலை வாரிவிடும்.

எது எதைக் கெடுக்கிறது

ரொபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வை இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், பாதிப் பேர் பிழையாக. பத்துக் கிழமை, ஒரு குழுவுக்குப் பாரம் மட்டும், இன்னொன்றுக்குத் தாங்குதிறன் பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். இரண்டையும் செய்தவர்களுக்குப் பலம் ஏழெட்டுக் கிழமை வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியது. ஆனால் அவர்களுடைய ஒக்சிசன் கொள்ளளவு, தாங்குதிறன் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே உயர்ந்தது. அதாவது அடிபட்டது பலம்தான், தாங்குதிறன் இல்லை. நாம் நீந்துகிறவர்கள், ஓடுகிறவர்கள். நமக்கு இது கெட்ட செய்தியே அல்ல. "பாரம் தூக்கினால் ஓட்டம் கெடும்" என்று சொல்ல இந்த ஆய்வில் இடமில்லை.

மறுபக்கம், 2008இல் வந்த நோர்வே ஆய்வொன்றில் ஓட்டக்காரர்கள் எட்டுக் கிழமை, கிழமைக்கு மூன்று தரம், நான்கே முறை தூக்கக்கூடிய அளவு பாரத்தில் அரை ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்துப் பாதி உட்கார்ந்து எழுவது) நான்கு சுற்றுச் செய்தார்கள். உடல் எடை கூடவில்லை. ஒரே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஒக்சிசன் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்தது. பாரம் தூக்கினால் உடம்பு பருத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது போதும்.

நடைமுறையில் ஓட்டத்தைக் கெடுப்பது களைப்பும் தசை நோவும்தான். கால்களைச் சாகும்வரை வேலை வாங்கிய நோவு 24 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வரும். அந்த இடைவெளிக்குள் வேக ஓட்டமோ நீண்ட ஓட்டமோ விழுந்தால் நடை மாறும், குதிகால் தசைநாணும் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கும். எனவே விதி எளிது: கடினமான ஓட்டமும் கடினமான பாரமும் ஒரே நாளில், ஓட்டம் காலையில், பாரம் பின்னேரம், நடுவில் குறைந்தது ஆறு மணித்தியாலம். லேசான நாள் லேசாகவே இருக்கட்டும். பலர் செய்வது நேரெதிர். செவ்வாய் வேக ஓட்டம், புதன் கால் பாரம், வியாழன் இன்னொரு வேக ஓட்டம் என்று "பரவலாக" வைத்து, ஏழு நாளும் அரைக் களைப்போடு சுற்றுகிறார்கள்.

கிழமை

கீழே உள்ளது வேலைக்குப் போகிற ஒருவருக்கு, மொத்தம் எட்டு மணித்தியாலத்துக்குள். சைக்கிளும் ஓட்டுகிறவர்கள் திங்கள் நீச்சலையும் வியாழன் ஓட்டத்தையும் சுருக்கி அந்த இடத்தில் ரோலரை (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் உருளைகளை) போட்டுக்கொள்ளலாம். காலி வீதியில் காலை ஏழு மணிக்குச் சைக்கிள் பயிற்சி செய்யச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

திங்கள்: 45 நிமிட லேசான நீச்சல். ஞாயிறு ஓட்டத்தின் இறுக்கம் தண்ணீரில் இளகும்.

செவ்வாய்: காலை வேக ஓட்டம், பின்னேரம் கால் பாரம். கிழமையின் முதுகெலும்பு இதுதான்.

புதன்: தடாகத்தில் கடின நீச்சல். கால் நோகும், தோள் புதிதாக இருக்கும். கால் பாரத்துக்கு மறுநாள் நீச்சலை வைப்பதன் காரணமே அதுதான். கால் மிகவும் இறுகியிருந்தால் புல் போய் என்னும் மிதவைக் கட்டையைத் தொடைக்கு நடுவில் வைத்துச் சில சுற்று நீந்தலாம். ஆனால் அதை வழக்கமாக்கினால் கால் மிதக்கிற சமநிலையை உடம்பு கற்றுக்கொள்ளாது.

வியாழன்: 45 நிமிட லேசான ஓட்டம், பின்னேரம் 40 நிமிட மேலுடம்புப் பாரம்.

வெள்ளி: ஓய்வு. கோயிலுக்கோ ஜும்ஆவுக்கோ போகிற நாளில் பயிற்சியைத் திணிக்கத் தேவையில்லை. தோளுக்கும் சனிக்கிழமைக் கடலுக்கு முன் ஒரு நாள் கிடைக்கிறது.

சனி: கடல், 1,500இலிருந்து 2,500 மீட்டர் வரை. கரையேறியதும் 15, 20 நிமிடம் ஓடிப் பார்ப்பது நல்லது. படுத்துக் கிடந்த உடம்பு நிமிர்ந்து ஓடும்போது வரும் தலைச்சுற்றல் பழகவேண்டிய ஒன்று.

ஞாயிறு: நீண்ட ஓட்டம், 90இலிருந்து 110 நிமிடம்.

மூன்று கிழமை இப்படிப் போனால் நான்காவதில் ஓட்டத்தையும் நீச்சலையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். பாரத்தில் எடையைக் குறைக்காமல் சுற்றுகளை மட்டும் பாதியாக்குங்கள். எடையைக் குறைத்துச் சுற்றைக் கூட்டினால் ஓய்வுக் கிழமை என்ற பெயரில் இன்னொரு களைப்புக் கிழமைதான் கிடைக்கும்.

பாரம்: குறைவாக, ஆனால் கனமாக

கொழும்பு ஜிம்களில் போய் "நான் மரதன் ஓடுகிறேன்" என்று சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். நெஞ்சுக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள் என்று உடற்கட்டுப் போட்டிக்காரரின் அட்டவணையை நீட்டுவார்கள். அல்லது 20 பர்ப்பி, 20 லன்ஜ், 20 ஜம்ப் என்று ஓயாமல் சுற்றவைத்து, தரை நனைய வியர்த்தால் நல்ல பயிற்சி என்பார்கள். முதலாவது நமக்குத் தேவையில்லாத தசையைக் கேட்கிறது. இரண்டாவது பலமே தராது, அது இன்னொரு மூச்சுப் பயிற்சி. மூச்சுக்குத்தான் நாம் கிழமைக்கு ஆறு மணித்தியாலம் செலவழிக்கிறோமே.

செவ்வாய்க்கு ஸ்குவாட் 3 சுற்று, சுற்றுக்கு 5. ருமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து இடுப்பில் மடிந்து கம்பியைத் தூக்குவது) 3 சுற்று, சுற்றுக்கு 6. முழங்காலை மடித்து ஒற்றைக் காலில் கெண்டைக்கால் உயர்த்தல் 3 சுற்று, சுற்றுக்கு 12. பக்கவாட்டுப் பிளாங்க் பக்கத்துக்கு 40 விநாடி, இரண்டு தரம். அவ்வளவுதான். சுற்றுகளுக்கு நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் உண்மையாகவே உட்கார்ந்திருங்கள். ஒவ்வொரு சுற்றையும் இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். வேலை எடை 60 கிலோ என்றால் வெறும் 20 கிலோ கம்பியில் 8, 40இல் 5, 50இல் 3 என்று ஏறி வரவேண்டும்; நேரே 60க்குப் போகிறவர்களின் முதல் சுற்று எப்போதும் கோணல். மூன்று சுற்றும் சுத்தமாக முடிந்த பிறகுதான் அடுத்த கிழமை 2.5 கிலோ.

கெண்டைக்கால் பயிற்சியை ஆட்கள் கடைசியில் ஒப்புக்குச் செய்து விடுகிறார்கள். அங்கேதான் தப்பு. ஓடும்போது உடம்பை முன்னே தள்ளுவதில் பெரும் பங்கு, கெண்டைக்காலின் உள்ளே கிடக்கும் சோலியஸ் தசைக்கு. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை அது வாங்குகிறது. முழங்காலை நேராக வைத்தால் மேலே உள்ள தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். சுமார் 30 பாகை மடித்தால்தான் சோலியஸுக்குப் போகும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு விநாடி ஏறி, உச்சியில் ஒரு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்குங்கள். குதித்துக் குதித்துச் செய்தால் குதிகால் தசைநாண் ரப்பர் போலத் துள்ளி வேலையை முடித்துவிடும், தசைக்கு ஒன்றும் மிஞ்சாது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால், நேரான முழங்காலில் ஒற்றைக் காலில் 25 தரம் ஒழுங்காக ஏற முடிகிறதா என்று பாருங்கள். ஒரு காலில் 25, மற்றக் காலில் 17 என்று வந்தால் அடுத்த காயம் எந்தப் பக்கம் வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. கொழும்பு தட்டையான ஊர் என்பதால் ஏற்றத்தில் ஓடிக் கெண்டைக்காலைப் பலப்படுத்தும் வாய்ப்பும் நமக்குக் குறைவு. மாடிப்படியும் இந்தப் பயிற்சியும்தான் மாற்று.

வியாழனுக்கு ஸ்பிளிட் ஸ்குவாட் லேசான எடையில் 2 சுற்று, புல்-அப் அல்லது லாட் புல்டவுன் 3 சுற்று 6 முதல் 8 வரை, டம்பெல் ரோ 3 சுற்று 8, தண்டால் 2 சுற்று 10. கடைசியில் ரப்பர் பட்டியோடு தோளை வெளிப்புறம் சுழற்றுவது 2 சுற்று 15. முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு சுருட்டிய துவாயைப் பிடித்துக்கொண்டால் ஏமாற்ற முடியாது.

மே மாதத்திலிருந்து பாரம் தூக்காமல் இப்போதுதான் தொடங்குகிறவர்கள் இந்த எடைகளுக்கு வராதீர்கள். முதல் மூன்று கிழமை 2 சுற்று, 10 முதல் 12 வரை, பாதி எடை. போட்டிக்கு எட்டுக் கிழமைக்குள் இருக்கிறவர்கள் அந்த அளவோடு நின்றுவிடுவதே நல்லது.

தடாகம்

புதன் நீச்சலுக்கு ஒரு வேகம் வேண்டும், அதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். நன்றாக உடம்பைச் சூடாக்கி 400 மீட்டர் முழுமூச்சில் நீந்தி நேரம் எடுங்கள்; பத்து நிமிடம் ஆறி, 200 மீட்டர். பெரிய நேரத்திலிருந்து சின்ன நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான உங்கள் எல்லை வேகம். 400க்கு 8 நிமிடம், 200க்கு 3 நிமிடம் 48 விநாடி என்றால் வித்தியாசம் 252 விநாடி, பாதி 126. அதாவது 100க்கு 2 நிமிடம் 6 விநாடி. ஆறு கிழமைக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள்.

அந்த வேகத்தில் புதன் காலை: 400 லேசாக, 50 மீட்டர் நுட்பப் பயிற்சி 6, பிறகு 100 மீட்டர் 10 தரம், நடுவில் 15 முதல் 20 விநாடி, அதன்பின் 50 மீட்டர் 4 தரம் கையால் மட்டும், கடைசி 200 லேசாக. மொத்தம் 2,100. முதல் மூன்று நூறில் வேகத்தை மீறிவிட்டு எட்டாவதில் திணறுவதுதான் வழக்கமான கதை. பத்தாவது நூறும் முதல் நூறும் இரண்டு விநாடிக்குள் இருக்கவேண்டும்.

சர்வதேசப் போட்டித் தடாகத்துக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் என்று விதி இருக்கிறது. நம் ஊர் திறந்தவெளித் தடாகங்கள் வெயில் காலத்தில் அதைத் தாண்டும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும் என்பதை மறந்துவிடுகிறோம். கரையில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்கட்டும். காலை ஐந்தரைக்குப் போனால் தண்ணீரும் ஆறியிருக்கும், வழியும் வெறுமையாக இருக்கும். பின்னேரம் மூன்றுக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள், அப்போது இடைவெளிப் பயிற்சி செய்ய நினைப்பது வீண்.

தோள் நோவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மூன்று இடம். கட்டைவிரல் முதலில் தண்ணீரில் நுழைவது. கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைத் தாண்டிப் போவது. கையில் பாடில் பலகையை மாட்டிக்கொண்டு திடீரென்று ஆயிரம் மீட்டர் இழுப்பது. நடுவிரல் முதலில், தோளுக்கு நேரே நுழையப் பழகினாலே பாதி தீரும்.

ஓட்டக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: கணுக்கால் இறுகி, பாதம் நங்கூரம் மாதிரித் தொங்கி, கால் தாழ்ந்துபோகும். குதிகால்மேல் உட்கார்ந்து பாதத்தின் மேற்புறத்தை நீட்டும் பயிற்சி தினமும் இரண்டு நிமிடம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் உதைப்பதைக் குறையுங்கள். உதை முழங்காலிலிருந்து வருகிறது என்பதற்கு அது அடையாளம், வரவேண்டியது இடுப்பிலிருந்து.

காதைத் துவாயால் துடைத்து, தலையைச் சாய்த்துத் தண்ணீரை விழவிடுங்கள். பஞ்சுக் குச்சியை நுழைத்தால் தோல் உரிந்து, இந்த ஈரக் காற்றில் காது சீழ்பிடிக்கும்.

கடல்

நம் கரையில் கடலுக்கு முன் ரயில் பாதை. காதில் எதையும் மாட்டிக்கொண்டு அதைக் கடக்கவேண்டாம். பிறகு பார்க்கவேண்டியது கால்வாய் வாய்கள். வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் அழுக்கைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. நேற்று இரவு நல்ல மழை பெய்ததென்றால் கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் வயிற்றோட்டமும் காது, கண் நோவும் சும்மா வருவதில்லை.

கல் அணைகளின் பக்கவாட்டில் கடலுக்கு இழுக்கும் நீரோட்டம் ஓடும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நேரே போராடாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியே வந்து, பிறகு திரும்புங்கள். தனியாக இறங்கக்கூடாது. இடுப்பில் செம்மஞ்சள் மிதவை, தலையில் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி. மீன்பிடிப் படகுக்காரருக்கும் கல்கிசைப் பக்கம் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவருக்கும் கறுப்புத் தொப்பி தெரியாது.

எப்போதும் கரைக்குச் சமாந்தரமாக, கால் ஊன்றக்கூடிய ஆழத்துக்குச் சற்று அப்பால் நீந்துவது போதும். ஆறிலிருந்து எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே எடுத்துப் பாருங்கள், தலை முழுவதையும் தூக்கினால் இடுப்பு இறங்கும். தெற்கு நோக்கிப் போகும்போது முனையில் நிற்கும் கல்கிசை ஹோட்டலின் வெள்ளைக் கட்டடம் நல்ல குறி. இன்னொன்று: தெற்கே போகும்போது இடப்பக்கம் மூச்செடுத்தால் தரையும் எழும் சூரியனும் ஒன்றாகக் கண்ணில் அடிக்கும், திரும்பும்போது வலப்பக்கம். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகாதவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

ஐரோப்பியத் திட்டங்கள் வெட்சூட்டை (குளிர்நீருக்கான ரப்பர் உடை) பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நம் கடல் இந்தக் காலத்திலும் 28 பாகையை ஒட்டித்தான். அது தேவையில்லை, போட்டிருந்தால் உடம்பு சூடேறி ஆபத்து. வெட்சூட் தரும் மிதப்பும் நமக்கு இல்லை என்பதால் இடுப்பைத் தானாக உயரத்தில் வைத்திருக்கும் முதுகும் பிட்டமும் வேண்டும். செவ்வாய்க்கிழமை டெட்லிஃப்டின் பலன் கடலிலும் வந்து சேருகிறது.

ஓட்டம்: வெயில், ஈரம், தூசு

விடியற்காலை காற்று உலர்ந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் பலர். உண்மையில் ஈரப்பதம் நாளிலேயே அதிகம் அப்போதுதான். வெப்பநிலை குறைவு, வெயில் இல்லை, அதனால்தான் அந்த நேரம் நமக்குக் கைகொடுக்கிறது. ஜனவரியில் சூரியன் ஏறக்குறைய 6:25க்கு எழும். ஐந்து மணிக்குத் தொடங்கினால் நீண்ட ஓட்டம் முழுவதும் 22, 25 பாகைக்குள் முடியும். ஏழுக்குத் தொடங்கினால் கடைசி அரை மணித்தியாலம் வேறு ஊர்.

செவ்வாய் ஓட்டத்துக்கு 1 கிலோமீட்டர் 5 தரம், உங்கள் 10 கிலோமீட்டர் வேகத்தில், நடுவில் இரண்டு நிமிடம் மெதுவோட்டம். அல்லது 10 நிமிடம் 3 தரம், அதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில். ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போவதால் உடம்பு குளிராது, இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். குளிர்நாட்டு வேக அட்டவணையைக் கைக்கடிகாரத்தில் போட்டுக்கொண்டு துரத்தாதீர்கள். கடைசிச் சுற்று முதலாவதைவிட நான்கைந்து விநாடிக்கு மேல் பிந்தினால் அன்றைய வேகம் கூடிப்போய்விட்டது. லேசான ஓட்டத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருகிறவரிடம் முழு வசனம் பேச முடியவேண்டும்.

தரையையும் பாருங்கள். மரைன் டிரைவில் போகும்போதும் வரும்போதும் உங்கள் இடக்கைப் பக்க ஓரமாகவே ஓடினால் வீதியின் சரிவு ஒரு காலை மற்றதைவிடத் தாழ்த்தி, இடுப்பிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் நோவு தரும். போகும்போது எந்த ஓரமோ திரும்பும்போதும் அதே ஓரம் என்றால் சரிவு இரண்டு காலுக்கும் பங்காகும். வேக ஓட்டத்துக்குச் சுதந்திர சதுக்கப் பக்கமும் நீண்ட ஓட்டத்துக்குப் பத்தரமுல்லையில் தியவன்னா ஓர நடைபாதைகளும் பரவாயில்லை.

வாடை நல்ல கடலைக் கொண்டுவருகிறது, கூடவே வட இந்தியப் பக்கத்திலிருந்து தூசையும் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் பாடசாலைகளை மூடும் அளவுக்குக் காற்று கெட்டது நினைவிருக்கும். விடியற்காலையில் வானம் பால்போல மங்கியிருந்தால் காற்றுத்தரச் சுட்டெண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 100ஐத் தாண்டினால் வேக ஓட்டத்தை லேசாக்கலாம், 150ஐத் தாண்டினால் அன்று வெளியே மூச்சிரைக்கும் வேலை வேண்டாம். செவ்வாயையும் வியாழனையும் மாற்றி, அறைக்குள் பாரம் தூக்குவதற்கு அது நல்ல நாள்.

தண்ணீர், உப்பு, சோறு

வியர்வையை அளந்துவிடுங்கள். ஓடுமுன் உடையில்லாமல் எடை 65.0 கிலோ, ஒரு மணித்தியாலம் ஓடி, 300 மில்லிலீட்டர் குடித்து, துடைத்துவிட்டு 64.1 என்றால், இழப்பு 900 மில்லிலீட்டரும் குடித்த 300ம் சேர்த்து 1.2 லீட்டர். முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்தால் போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். மருந்துக்கடை ஜீவனிப் பொதி வயிற்றோட்டத்துக்கு மட்டும் என்றில்லை. உலக சுகாதார அமைப்பின் சூத்திரப்படி லீட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ள கரைசல், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நன்றாக வேலை செய்யும். ஓட்டத்தின் நடுவில் குடிக்க அதில் சீனி போதாது. 90 நிமிடத்தைத் தாண்டும்போது மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும்.

பாரம் தூக்குகிற கிழமைகளில் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு. 65 கிலோ ஆளுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல். இடியப்பமும் சொதியும் இதற்கு உதவாது. இரண்டு முட்டை 12 கிராம், ஒரு குவளை பால் 8, சமைக்காத பருப்பு 100 கிராமில் 24 என்று கூட்டிப் பாருங்கள். திருவெம்பாவைக் காலத்தில் சைவம் பிடிக்கிறவர்களுக்குக் காய்ந்த சோயா மீற் 50 கிராமில் 25 கிராம் கிடைக்கிறது. அதோடு அவித்த கடலை, தயிர். விரதமிருந்து ஒருவேளை சாப்பிடும் நாட்களில் வேக ஓட்டத்தை எடுத்துவிட்டு, பாரத்தில் ஒரு சுற்று மட்டும் செய்யுங்கள்.

காய்ச்சல்

டெங்கு இந்த ஊரில் மழைகளைத் தொடர்ந்து வரும், ஆண்டு முடிவிலும் ஓர் அலை உண்டு. விளையாட்டுக்காரர்களின் பையில் இபுபுரூஃபனும் டைக்குளோபெனக்கும் எப்போதும் கிடக்கும். உடம்பு நோவென்று நினைத்து டெங்குக் காய்ச்சலில் அவற்றைப் போட்டால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். காய்ச்சலென்றால் பனடோல் மட்டும், பயிற்சி எதுவும் இல்லை, இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனை. தேறிய பிறகும் சில கிழமைக்குக் களைப்பு இழுக்கும். வைத்தியர் சரியென்றதும் லேசான நீச்சலில் தொடங்கி, பாரத்தைக் கடைசியில் சேருங்கள். காலில் உடைந்த கொப்புளத்தோடு வெள்ளத் தண்ணீரில் நடப்பதும் ஓடுவதும் எலிக்காய்ச்சலுக்கு வாசல். நடந்துவிட்டு அடுத்த கிழமைகளில் காய்ச்சல் வந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிழமை குலைந்தால்

குலையும். வேலை இழுக்கும், பிள்ளைக்குச் சுகமில்லாமல் போகும், பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டிவரும். அப்போது விடவேண்டிய ஒழுங்கு இது. முதலில் திங்கள் நீச்சல். அடுத்து வியாழன் ஓட்டம், ஆனால் அன்றைய தோள் பயிற்சியைப் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே ரப்பர் பட்டியோடு முடிக்கலாம். பிறகு சனிக்கிழமைக் கடல் தடாகமாகலாம். செவ்வாயும் ஞாயிறும் கடைசிவரை நிற்கட்டும். தவறிய பயிற்சியை மறுநாளில் ஏற்றாதீர்கள். செவ்வாய் பாரம் மட்டும் விலக்கு, அது தவறினால் புதன் பின்னேரம் வரை தள்ளலாம், வெள்ளிக்குத் தள்ளினால் ஞாயிறு ஓட்டம் கெடும். பலத்தைத் தக்கவைக்கக் கிழமைக்கு ஒரு தரம் போதும். போட்டிக்கு முந்திய இரண்டு கிழமையில் முதலாவதில் ஒரே ஒரு தரம், 2 சுற்று 4, வழக்கமான எடையில். கடைசிக் கிழமையில் கால் பாரம் வேண்டாம், ரப்பர் பட்டி மட்டும்.